மணி என்ன, தம்பி?

பிறருக்கென்று ஒரு பொருள் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் தம் கண்ணைத்தான் கடைக்கு எடுத்துச் செல்கிறார். நாமும் அப்படித்தான் சென்றோம். ஒரு முறை அன்று, இரண்டு முறை. அதுவும் நமக்கு எழுத்தறிவித்த பெருந்தகை ஒருவருக்குக் கைக்கடிகாரம் வாங்கும் பொருட்டு. அந்தப் பிழைகளை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது. பார்வை குன்றிய தந்தைக்கோ தாய்க்கோ கடிகாரம் வாங்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு அவை உதவக் கூடும்.

நம் உஸ்தாதுக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள மத்ரஸா ஒன்றில் நாற்பத்தொரு ஆண்டுகள் அரபு இலக்கணம் கற்பித்தவர். பாடத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி அவர் வந்ததாக நமக்கு நினைவில்லை. அவருடைய இடக் கையில் பழைய எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று இருக்கும். சுப்ஹுத் தொழுகை முடிந்து திண்ணைக்கு வந்ததும் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். 1961-ஆம் ஆண்டில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட அத்தொழிற்சாலையின் கடிகாரங்கள், நம் இளமைக் காலத்தில் மணமகன் கையிலும் ஆசிரியர் கையிலும் தவறாமல் காணப்பட்டன. அந்தக் கடிகாரப் பிரிவை மூடிவிட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உஸ்தாதின் கடிகாரமும் ஓய்ந்திருந்தது.

2022-இல் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, பழைய மாணவர்கள் கூடிப் பொருள் சேர்த்து ஒரு கடிகாரம் பரிசளிப்பதென்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. நாமும் பெருமிதத்தோடு கடைக்குச் சென்று, பொன்னிற முகப்பும் பொன்னிற முட்களும் கொண்ட ஒன்றை வாங்கினோம். எண்களுக்குப் பதிலாக மெல்லிய கோடுகள். ஓரத்தில் தேதி காட்டும் சிறு சன்னல். கடைக்காரரின் விளக்கொளியில் அது நட்சத்திரம்போல மின்னியது. சபை நடுவே அதை அவர் கையில் கட்டிவிட்டோம். உஸ்தாத் அதை நெடுநேரம் தடவிக் கொடுத்துவிட்டு, நம் அனைவருக்காகவும் துஆச் செய்தார். தடவினாரேயன்றி அதை உற்றுப் பார்க்கவில்லை என்பது அன்று நம் மனத்தில் படவில்லை.

எட்டுத் திங்கள் கழிந்து ஒரு நாள் பிற்பகல் அவரைக் காணச் சென்றோம். அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன் குர்ஆன் ஓதிவிட்டு எழுந்துகொண்டிருந்தான். உஸ்தாத் அவனிடம், “மணி என்ன, தம்பி?” என்றார். சிறுவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்தவன், செருப்பை மாட்டிக்கொண்டே நம்மிடம் மெல்லக் கேட்டான்: “ஹஜ்ரத் கையில்தான் வாட்ச் இருக்கிறதே, பிறகு ஏன் தினமும் எங்களிடம் கேட்கிறார்கள்?”

நம்மிடம் விடையில்லை. உள்ளே சென்று உஸ்தாதிடமே கேட்டோம். அவர் சிரித்தார்.

“நீங்களெல்லாம் அன்போடு கொடுத்தது. கையில் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. மணி கேட்டால் பிள்ளைகள் சொல்கிறார்கள். இதில் என்ன குறை?”

சற்று நேரம் கழித்து, வகுப்பில் பேசுவதுபோல மேலும் சொன்னார்: “கடிகார முள்ளுக்கு அரபியில் என்ன பெயர்? ‘அக்ரப்.’ தேள் என்றுதானே பொருள்? தங்க மணலில் தங்கத் தேளை விட்டால் கண்டுபிடிப்பது யார்?”

நாம் நகைத்தோம் என்றாலும் நாணம் உள்ளே குத்தியது. அவருடைய கண் நோயைப் பற்றி அன்றுதான் விரிவாகக் கேட்டறிந்தோம். கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் கிளாக்கோமா என்னும் நோய் அது. இழந்த பார்வை மீளாது; எஞ்சியதைக் காக்கவே மருந்து. ஒரு சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் விட வேண்டும். இரவில் மற்றொரு மருந்தும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து விட நேர்ந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அந்த ஐந்து நிமிடத்தை அவர் எப்படி அளந்தார் தெரியுமா? இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவிலிருந்து மனப்பாடமாக இத்தனை அடிகள் என்று ஓதி அளந்திருக்கிறார். ஆயிரம் அடிகளில் அரபு இலக்கணம் முழுவதையும் அடக்கிய அந்நூல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மகள் பள்ளிக்கூடப் பணிக்குச் சென்றுவிட, பிள்ளைகளும் அருகில் இல்லாத நாள்களில் அதுவே அவருக்குக் கடிகாரம். ஆனால் ஓதும்போது ஓரிடத்தில் பொருள் நயம் தோன்றிவிட்டால் அங்கேயே மனம் நின்றுவிடும். ஒரு முறை மருந்தை விட்டோமா இல்லையா என்பதே மறந்து, இரண்டாம் தடவையும் விட்டுவிட்டாராம். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே திருநெல்வேலிக்குச் சென்றோம். இம்முறை தெளிவாக இருப்பதாக எண்ணினோம். பார்வை குறைந்தவருக்குப் பெரிய கடிகாரம் வேண்டும். இதில் ஐயம் என்ன? கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதை வாங்கினோம். வெள்ளை முகப்பு, தடித்த கரிய எண்கள், கரிய முட்கள். உஸ்தாதின் மெலிந்த மணிக்கட்டில் அது ஒரு சிறு தட்டுப்போல இருந்தது.

அவர் அதைக் கண்ணருகே கொண்டு வந்தார்; பிறகு தள்ளினார்; பிறகு கையை முழுவதும் நீட்டினார். “வெள்ளெழுத்துக்காரர்போலத் தூரத்தில் பிடிக்கிறீர்களே உஸ்தாத், அருகில் வைத்துப் பாருங்கள்” என்றோம். “அருகில் வந்தால் பாதிதான் தெரிகிறது தம்பி. ஒரு முள்ளைப் பிடித்தால் மற்றொன்று ஓடிவிடுகிறது” என்றார். அவர் சொன்னது நமக்கு விளங்கவில்லை. பெரிதாக இருப்பது எப்படித் தடையாகும்?

விளங்க வைத்தவர் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் பணியாற்றும் பெண்மணி. உஸ்தாதின் அடுத்த சோதனைக்கு நாமும் உடன் சென்றிருந்தோம். நம் குழப்பத்தைக் கேட்ட அவர், ஒரு தாளை எடுத்துக் குறுகலாகச் சுருட்டி நம் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அந்தக் குழல் வழியே கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். அருகில் பிடித்தபோது மூன்றும் நான்கும் தெரிந்தன. முட்கள் எங்கோ இருந்தன. தேடித் துழாவி மணிமுள்ளைக் கண்டால் நிமிடமுள்ளைக் காணோம். கையை நீட்டியதும் வட்டம் முழுவதும் குழலுக்குள் வந்துவிட்டது. உஸ்தாதின் கண்ணில் நடுப்பகுதி மட்டும் இன்னும் ஓரளவு தெளிவாக இருக்கிறது, சுற்றுப்புறம் அழிந்துவிட்டது. ஆகவே அவர் பார்ப்பது ஒரு சிறு சாளரத்தின் வழியே. அச்சாளரத்தில் அடங்காத கடிகாரம் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. எட்டுத் திங்களும் அவரைச் சந்தித்துப் பேசியிருந்த நாம், அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை அந்த ஒரு நிமிடத்தில்தான் அறிந்தோம்.

அப்பெண்மணி மேலும் விளக்கினார். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவருக்கு நிலைமை இதற்கு நேர்மாறு. நேரே நோக்கும் இடம் மறைந்துபோக, ஓரத்தால் பார்ப்பார். அவருக்குத்தான் பெரிய முகப்பும் பெரிய எண்களும் உதவும். கண்புரை உடையவருக்கு வெளிச்சம் சிதறிக் கூசும். வெள்ளை முகப்பைவிடக் கரிய முகப்பில் வெள்ளை எண்கள் அவர்களிற் பலருக்கு இதமாயிருக்கும். நீரிழிவால் விழித்திரை கெட்டவருக்குத் திட்டுத் திட்டாக மறையும். இன்று தெரிந்தது நாளை தெரியாமலும் போகலாம். கிளாக்கோமாவில் ஓரப் பார்வை குறைவதோடு, நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறியும் ஆற்றலும் மங்குகிறது. சாம்பல் நிற முகப்பில் வெள்ளி முள் அவர்களுக்கு இல்லாததற்குச் சமம்.

ஊர் திரும்பும் பேருந்தில் நமக்கு நம்மீதே வியப்பு உண்டாயிற்று. பார்வைக் குறை பலவகை என்பதை நாம் இதே உஸ்தாதிடம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாடம் கேட்டிருக்கிறோம். அரபு அகராதியாளர்கள் இவ்வகையில் நுட்பமானவர்கள். அறவே காணாதவர் ‘அஃமா’. இரவில் பார்வை குன்றுபவர் ‘அஃஷா’. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தில் வாழத் தொடங்கிய பெருங்கவிஞர் ஒருவர் இப்பெயராலேயே அறியப்படுகிறார். நீர் வடிந்து பார்வை மங்கியவர் ‘அஃமஷ்’. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் வாழ்ந்த ஹதீஸ் மேதை ஒருவருக்கு அப்பெயர் நிலைத்தது. கண் சிறுத்துப் பார்வை நலிந்தவர் ‘அக்ஃபஷ்’. பகலைவிட இரவில் நன்கு காண்பவர் என்றும் அதற்குப் பொருள் உரைப்பர். அக்ஃபஷ் என்னும் பெயருடைய இலக்கண அறிஞர் மூவர் புகழ் பெற்றவர்கள். அவர்களுள் நடுவரான அக்ஃபஷ்தான், ஸீபவைஹி இயற்றிய இலக்கணப் பெருநூலை அவர் மறைவுக்குப் பின் பிறருக்குக் கற்பித்து நிலைபெறச் செய்தவர். நம் தமிழும் மாலைக்கண் என்றும், வெள்ளெழுத்து என்றும், புரை என்றும் வேறு வேறு பெயரிட்டே வழங்குகிறது. இத்தனை சொற்களையும் ஏட்டில் கற்றிருந்த நாம், கடை வாசலில் அனைத்தையும் ‘கண் தெரியாது’ என்ற ஒன்றில் அடக்கிவிட்டோம்.

மூன்றாம் முறை கடைக்கு நாம் தனியாகப் போகவில்லை. உஸ்தாதையும் அழைத்துக்கொண்டு, நம்மூர்க் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் சென்றோம். கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் சிறியதைப் பார்த்தே பிழைத்தவர் அவர். பார்வையின் அருமை தெரிந்தவர். “ஆலிம்சா, முதலில் ஹஜ்ரத்தை வாசல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். என் விளக்குக்கு அடியில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்” என்றார். ஐந்தாறு கடிகாரங்களை ஒவ்வொன்றாக உஸ்தாதின் கையில் கொடுத்து, வேறு வேறு மணிக்குத் திருப்பி வைத்து, “இப்போது என்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். உஸ்தாத் தயங்காமல் சொன்னவை ஒரு பக்கம், தயங்கியவை மறுபக்கம். இவ்வளவு எளிய சோதனை நமக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எண்ணுகிறோம்.

முடிவில் இரண்டு எஞ்சின: வெள்ளை முகப்பில் கரிய எண்கள் ஒன்று, கரிய முகப்பில் வெள்ளை எண்கள் மற்றொன்று. வாசல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே பட்டன. கடைக்காரர் இரண்டையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சொன்னார். அன்று மஃரிபுக்குப் பின் டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளை முகப்பு கூசியது. கரியது தெளிவாக நின்றது. அதையே உஸ்தாத் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கடைக்காரர் அதில் ஒரு சிறு வேலை செய்தார். ஓயாமல் ஓடி மற்ற முட்களின்மேல் குறுக்கிடும் நொடிமுள்ளைக் கழற்றி எடுத்துவிட்டார். “இது ஹஜ்ரத்துக்கு எதற்கு? இரண்டு முள் போதும்” என்றார். மணிமுள் குட்டையாகவும் அகலமாகவும், நிமிடமுள் விளிம்பைத் தொடும் அளவு நீண்டும் இருந்ததால் இரண்டையும் ஒன்றுக்கொன்று மயங்க வழியில்லை. மேற்கண்ணாடி குவிந்திராமல் தட்டையாக இருந்தது. குவிந்த கண்ணாடி சன்னலையும் விளக்கையும் தன்மேல் ஏந்திக்கொண்டு மணியை மறைத்துவிடும். துளை தேடிக் கொக்கி மாட்டும் வாரை நீக்கி, கைக்குள் நுழைத்தால் தானே இறுகும் நெகிழ்பட்டை போட்டார். முகப்பின் விட்டம் 36 மில்லிமீட்டர். நாம் திருநெல்வேலியில் வாங்கியதைவிட மிகச் சிறியது. விலையும் நம் முதற் பரிசில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இருட்டில் ஒளிரும் பூச்சுப் பூசிய கடிகாரம் வாங்கலாமே என்று சிலர் கூறினர். அப்பூச்சு பகல் வெளிச்சத்தை உண்டு இருட்டில் சிறிது நேரம் உமிழ்வது. நேரம் செல்லச் செல்ல மங்கும். உஸ்தாத் மருந்துக்கென்று எழும் பின்னிரவில் அது அவர் கண்ணுக்கு எட்டாது. எனவே இரவுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

வழிகள் இல்லாமல் இல்லை. விரலால் தொட்டு மணி அறியும் கடிகாரத்தைப் பாரிஸ் நகரத்துக் கடிகாரக் கலைஞர் பிரெகே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்திருக்கிறார். நம் எச்.எம்.டி. நிறுவனமும் மூடியைத் திறந்து முட்களையும் புடைத்த புள்ளிகளையும் தடவிப் பார்க்கும் பிரெய்ல் கடிகாரத்தை உருவாக்கியது. ஆப்கானிஸ்தானில் 2011-இல் பார்வை இழந்து, மறு ஆண்டே லண்டன் பாராலிம்பிக்கில் நீச்சலில் பொன் வென்ற பிராட்லி ஸ்னைடர் என்னும் அமெரிக்க வீரரின் பெயரால், 2013-இல் ஒரு கடிகாரம் வெளிவந்தது. முட்களுக்குப் பதில் காந்தத்தால் நகரும் இரு குண்டுகள் அதில் மணியையும் நிமிடத்தையும் காட்டுகின்றன. பொத்தானை அழுத்தினால் வாய்விட்டு மணி சொல்லும் கடிகாரங்களும் உள்ளன.

பேசும் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ள உஸ்தாத் இசையவில்லை. “பள்ளிவாசலில் ஸஃப்பில் நிற்கும்போது கைபட்டு அது பேசத் தொடங்கினால், நான் மணி கேட்டது ஊருக்கெல்லாம் தெரியும்” என்றார். கட்டிலருகே வைத்துக்கொள்ள மட்டும் ஒப்பினார். ஆக, பகலுக்குக் கண்ணால் அறிவது ஒன்று, இரவுக்குக் காதால் அறிவது ஒன்று என்று ஏற்பாடாயிற்று. பார்வை மேலும் குன்றுமானால் விரலால் அறிவதற்கும் இடமிருக்கிறது என்பதை அவர் அறிவார். அதைப் பற்றி அவர் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

இதை எண்ணும்போது ஒன்று தோன்றுகிறது. பண்டை நாளில் பொழுது பெரும்பாலும் காதின் வழியேதான் மக்களிடம் வந்தது. அரசனின் பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்திருந்து பொழுது அறிவித்தோரைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. மதீனாவில் வைகறைப் பாங்கு சொன்ன இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண்பார்வை அற்றவர். விடிந்துவிட்டது என்று மக்கள் அவருக்குச் சொல்வார்கள். அவர் அதை ஊருக்குச் சொல்வார். நாழிகை வட்டிலின் ஒலியிலும் பாங்கின் ஒலியிலும் காண்பவரும் காணாதவரும் ஒருவரே. பொழுதை ஒரு வட்டத்துக்குள் அடைத்து ஒவ்வொருவர் கையிலும் கட்டியபோதுதான், அதைப் படிக்க இயலாதவர் என்று ஒரு பிரிவினர் உண்டாயினர். கடிகாரம் செய்தவர்கள் அவர்களை ஒதுக்க எண்ணியிருக்க மாட்டார்கள். பொன் முகப்பைத் தேர்ந்தெடுத்த நாமும் அப்படி எண்ணவில்லை. எண்ணாமலேயே செய்துவிட்டோம்.

உஸ்தாத் எட்டுத் திங்கள் தம் கையில் படிக்க இயலாத ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளிடம் மணி கேட்டு வாழ்ந்தார். நம் மனம் நோகலாகாது என்பதற்காக. கொடுப்பவரிடம் அவர் இத்தனை பரிவு காட்டியிருக்க, கொடுத்த நாம் அவர் கண்ணைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். வாசகர்கள் இவ்வகைப் பரிசு வாங்கப் புறப்பட்டால், பெறுபவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் இருக்கும் இடத்து வெளிச்சத்தில், அவர் கையில் கொடுத்து, மணி என்ன என்று அவரையே கேளுங்கள். அவர் தயங்கினால் அக்கடிகாரம் எத்துணை அழகாயினும் திருப்பி வைத்துவிடுங்கள்.

சென்ற மாதம் உஸ்தாதைக் காணச் சென்றிருந்தோம். சிறுவர்கள் ஓதி முடித்துப் போய்விட்டிருந்தார்கள். நாம் உள்ளே நுழைந்ததும், “மணி என்ன, தம்பி?” என்றார். நம் உள்ளம் திடுக்கிட்டது. கடிகாரம் பழுதாயிற்றோ, கண் மேலும் மங்கிற்றோ என்று எண்ணியவாறே நம் கையைப் பார்த்து, நான்கு மணி பத்து நிமிடம் என்றோம். உஸ்தாத் இடக் கையை முழுவதும் நீட்டி, தலையைச் சற்றே திருப்பி, தம் கடிகாரத்தை நோக்கினார்.

“பன்னிரண்டு நிமிடம். உன்னுடையது பிந்துகிறது. சரி செய்துகொள்” என்றார்.

பாடத்துக்குப் பிந்தி வந்த மாணவனைப்போல நின்று, நம் கடிகாரத்தைத் திருப்பி வைத்தோம். அந்தப் பொன்னிறக் கடிகாரம் பெட்டியில் இருக்கிறது. பெருநாளன்று மட்டும் அதை அணிந்துகொள்கிறாராம்; அன்று எல்லோரும் அருகில் இருப்பார்கள், மணி பார்க்கத் தேவையில்லை என்று சொன்னார்.